கண்ணீரோடு முறையிடுவது அவிசுவாசமா?

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல, துன்பவேளையில் தேவனிடம் எப்படிப் பேசுவது என்பதைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இந்த இதழின் கேள்வி – பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நெடுநாள் நோயுற்றிருந்த என் கணவருக்காகச் சபையார் அனைவரும் உபவாசித்து ஜெபித்தோம், அவர் பிழைக்கவில்லை. அதன்பின் நடந்த ஜெபக்கூட்டத்தில், “ஆண்டவரே, ஏன் என்னைக் கைவிட்டீர்?” என்று வாய்விட்டு அழுதுவிட்டேன். விசுவாசி அப்படிக் கேட்கலாகாது, ஸ்தோத்திரம் மட்டுமே செலுத்த வேண்டும் என்று மூத்த சகோதரர் ஒருவர் கண்டித்தார். அன்றுமுதல் என்னால் ஜெபிக்கவே இயலவில்லை. நான் பாவம் செய்துவிட்டேனா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, நீங்கள் பாவம் செய்யவில்லை. அன்று உங்கள் வாயிலிருந்து வந்த கேள்வி 22ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தில் இருக்கிறது. நம் ஆண்டவர் சிலுவையில் தொங்கியபோது மகா சத்தமிட்டுக் கேட்டதும் அதுவே என்று மத்தேயுவும் மாற்கும் எழுதிவைத்திருக்கிறார்கள். பாவமறியாதவர் செய்த ஜெபத்தை, கணவரை இழந்து நிற்கும் ஒருவர் செய்யக்கூடாது என்று சொல்ல எவருக்கும் அதிகாரம் இல்லை.

சங்கீதப் புத்தகத்தில் உள்ள 150 பாடல்களை வகைப்படுத்திப் பார்ப்பவர்கள், அவற்றுள் புலம்பல் பாடல்களே மிகுதி என்பதைக் காண்கிறார்கள். அவை தனியறையில் மறைவாக அழுதவர்களின் குறிப்புகளாக மட்டும் நமக்கு வந்து சேரவில்லை. 13, 22, 88 ஆகிய சங்கீதங்களின் தலைப்பைப் பாருங்கள். மூன்றும் “இராகத்தலைவனுக்கு” ஒப்புவிக்கப்பட்டவை. “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்ற கேள்வி, ஆராதனையில் இசையோடு பாடுவதற்கென்றே கையளிக்கப்பட்டது. தேவனுடைய ஜனங்கள் கூடியிருந்த இடத்தில் நீங்கள் செய்ததை, அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தார்கள்.

புலம்பல் என்றே பெயர்பெற்ற ஒரு நூலும் நம் வேதாகமத்தில் இருக்கிறது. கி.மு. 586ஆம் ஆண்டளவில் பாபிலோனியர் எருசலேமை அழித்து ஆலயத்தைச் சுட்டெரித்த பின் எழுந்த 5 பாடல்கள் அவை. முதல் நான்கு பாடல்கள் எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளை வரிசையாகத் தொடக்கமாகக் கொண்டு அமைந்தவை. மூன்றாம் பாடலில் ஒவ்வோர் எழுத்துக்கும் மும்மூன்று வசனங்களாக 66 வசனங்கள் உள்ளன. பசியால் மயங்கிய குழந்தைகளையும் பாழான வாசல்களையும் கண்ட ஒருவர், தம் துயரத்தை ஏதோ தவறிச் சொன்ன சொல்லாக விட்டுவிடாமல், எழுத்தெழுத்தாக எடுத்து அடுக்கித் தேவனுக்கு முன் வைத்திருக்கிறார். அந்த மூன்றாம் பாடலின் 22ஆம் வசனமாகிய “அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை” என்பதை நாம் சுவரில் மாட்டுகிறோம். அதே பாடலின் 8ஆம் வசனத்தில், தாம் கூப்பிட்டுக் கதறினாலும் தம் ஜெபத்துக்கு வழியை அவர் அடைத்துப்போட்டார் என்று அதே மனிதர் சொல்லியிருப்பதை நாம் மாட்டுவதில்லை. எட்டாம் வசனத்தைச் சொன்ன வாயிலிருந்து வந்தபடியால்தான் இருபத்திரண்டாம் வசனத்துக்கு அத்தனை கனம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

அப்படியானால் புலம்பலில் விசுவாசம் எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். 22ஆம் சங்கீதத்தில் “ஏன்” என்று கேட்பதற்கு முன்பாக “என் தேவனே, என் தேவனே” என்று இருமுறை அழைத்தாயிற்று. கைவிட்டுவிட்டவராகத் தோன்றுகிற அவரையே இன்னும் தம்முடையவர் என்று சொல்லி, வேறெங்கும் போகாமல் அவரிடத்திலேயே நியாயம் கேட்கிறார் தாவீது. ஆளில்லாத வீட்டின் கதவை யாரும் விடாமல் தட்டிக்கொண்டிருப்பதில்லை. தேவன் நல்லவர், கேட்கிறவர், செயல்படக்கூடியவர் என்ற எண்ணம் அடியோடு அற்றுப்போனவர் அவரிடம் முறையிடவும் மாட்டார். 62ஆம் சங்கீதத்தின் 8ஆம் வசனம் எக்காலத்திலும் அவரை நம்பும்படி சொல்லிவிட்டு, உடனே அவருடைய சமுகத்தில் இருதயத்தை ஊற்றிவிடும்படியும் சொல்கிறது. இவ்விரண்டு கட்டளைகளையும் ஒன்றுக்கொன்று எதிராக அந்த வசனம் நிறுத்தவில்லை. நாமும் நிறுத்த வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் ஸ்தோத்திரஞ்செய்யச் சொன்ன பவுலை உங்களுக்கு எடுத்துக்காட்டியிருப்பார்கள். அதே பவுல், ஆசியாவில் தமக்கு நேர்ந்த வருத்தம் பலத்துக்கு மிஞ்சினதாயிருந்தது, பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்று கொரிந்தியருக்கு எழுதினார். தம் உடன் ஊழியனாகிய எப்பாப்பிரோதீத்து மரணத்துக்குச் சமீபமாக வியாதிப்பட்டுப் பிழைத்தபோது, தமக்குத் “துக்கத்தின்மேல் துக்கம்” உண்டாகாதபடி தேவன் இரங்கினார் என்று பிலிப்பியருக்கு எழுதினார். நண்பன் இறந்திருந்தால் தாம் துக்கப்பட்டிருப்பார் என்பதை அவர் சிறிதும் மறைக்கவில்லை. தெசலோனிக்கேயருக்கு எழுதும்போதும் நம்பிக்கையற்றவர்களைப்போல் துக்கிக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறார். துக்கிக்கவே வேண்டாம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

உங்களைக் கண்டித்த சகோதரரைக் குறித்தும் ஒரு வார்த்தை. பிள்ளையில்லாத அன்னாள் மனங்கசந்து அழுது ஜெபித்தபோது, ஆசாரியனாகிய ஏலி அவளைக் குடிவெறியில் இருப்பவள் என்று எண்ணிக் கடிந்துகொண்டார். தன் இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றிவிட்டதாக அவள் விளக்கியபின், அதே ஏலி அவளைச் சமாதானத்தோடே போகச் சொல்லி வாழ்த்தினார். துக்கத்தின் மொழியைப் பழகாதவர்கள் அதைக் கேட்டு அஞ்சுகிறார்கள். உங்கள் விசுவாசம் இடறிவிடுமோ என்ற கவலையில் அவர் அப்படிப் பேசியிருக்கக்கூடும். அவரை மன்னியுங்கள், ஆனால் அவருடைய சொல்லுக்குக் கீழ்ப்பட்டு மௌனமாக இருந்துவிடாதீர்கள்.

சொந்தச் சொற்கள் வராத நாள்களில் 13ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். ஆறே வசனங்கள்தான். முதல் நான்கு வசனங்களில் கேள்வியும் வேண்டுதலும் இருக்கின்றன. ஐந்தாம் வசனத்தில் கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன் என்ற அறிக்கை வருகிறது. ஐந்தாம் வசனத்தை மனமொத்துச் சொல்ல இயலாவிட்டால் நான்காம் வசனத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மறுநாள் மீண்டும் முதல் வசனத்திலிருந்து தொடங்குங்கள். அதுவும் இயலாத நாளில், வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர்தாமே நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8ஆம் அதிகாரம் சொல்வதை நம்பி, பேசாமல் அவருடைய சந்நிதியில் உட்கார்ந்திருங்கள்.

கேள்வி: வனாந்தரத்தில் முறுமுறுத்த இஸ்ரவேலர் தண்டிக்கப்பட்டார்களே. முறுமுறுப்புக்கும் நீங்கள் சொல்லும் புலம்பலுக்கும் என்ன வேறுபாடு?
— ஒரு வாசகர்

பதில்: எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசித்தால் இதற்கு விடை கிடைக்கும். அந்த அதிகாரத்தில் மன்னாவை வெறுத்து எகிப்தின் உணவை நினைத்த ஜனங்கள், தங்கள் தங்கள் கூடாரவாசலில் நின்று அழுகிறார்கள். மோசேயும் அதே அதிகாரத்தில் மனமுடைந்து பேசுகிறார். இந்த ஜனங்களை எல்லாம் நானா பெற்றேன், இவர்களை ஒருவனாய்ச் சுமக்க என்னால் கூடாது, இப்படியே எனக்குச் செய்வீரானால் என்னைக் கொன்றுபோடும் என்று சொல்லும் அளவுக்குப் போகிறார். சொற்களின் கடுமையை மட்டும் அளந்தால் ஜனங்களுடையதைவிட மோசேயினுடையதே கடுமையானது. ஆனால் மோசேக்குக் கர்த்தர் தண்டனை கொடுக்கவில்லை. சுமையைப் பகிர்ந்துகொள்ள 70 மூப்பர்களைக் கொடுத்தார். ஜனங்களுக்கோ வாதை வந்தது.

ஜனங்கள் தேவனைப் பற்றித் தங்களுக்குள் பேசினார்கள். மோசே தேவனிடத்தில் பேசினார். பின்னொரு சமயத்திலும், கர்த்தர் தங்களை வெறுத்துவிட்டார் என்று கூடாரங்களில் முறுமுறுத்ததாக உபாகமம் 1:27 அவர்களைக் குறித்துக் கூறுகிறது. அவர்கள் தீர்ப்பை எழுதி முடித்துவிட்டு, திரும்பிப் போக எகிப்தையும் தெரிந்துகொண்டாயிற்று. மோசே தீர்ப்பு எழுதவில்லை. பதிலுக்காக அங்கேயே நின்றார். ஆகவே உங்கள் கசப்பான எண்ணங்களைப் பிறரிடம் மட்டுமே சொல்லிக்கொண்டிருக்கிறீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். அப்படியானால் அவற்றை மென்மையாக்க முயலாமல், அதே சொற்களோடு தேவனிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: புலம்பல் சங்கீதங்கள் எல்லாம் துதியில் முடிகின்றன என்று பிரசங்கத்தில் கேட்டேன். என் துக்கம் எத்தனை ஜெபித்தும் துதியில் முடியவில்லை. என்னிடத்தில்தான் குறை இருக்கிறதா?
— ஒரு வாசகி

பதில்: பெரும்பாலான புலம்பல் சங்கீதங்கள் நம்பிக்கையின் அறிக்கைக்கோ துதிக்கோ திரும்புகின்றன என்பது உண்மை, எல்லாமே அப்படி என்பது உண்மையன்று. எஸ்ராகியனாகிய ஏமானின் 88ஆம் சங்கீதம், சிநேகிதரும் அறிமுகமானவர்களும் விலகிப்போன இருளிலேயே முடிகிறது. அதில் ஒளி கீற்றாக விழும் இடம் ஒன்றே ஒன்றுதான்; “என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே” என்று அவர் தொடங்குகிறார். எரேமியா 20ஆம் அதிகாரம் இன்னும் வியப்புக்குரியது. 13ஆம் வசனத்தில் கர்த்தரைப் பாடுங்கள், துதியுங்கள் என்று சொல்லும் தீர்க்கதரிசி, அடுத்த வசனத்திலேயே தாம் பிறந்த நாளைச் சபிக்கிறார். துதிக்குப் பின்பும் துயரம் திரும்பி வரும் என்பதைப் பரிசுத்த வேதாகமம் திருத்தாமல், ஒழுங்குபடுத்தாமல், அப்படியே நமக்குத் தந்திருக்கிறது. நான் மேலே குறிப்பிட்ட புலம்பல் நூலும், எங்களை முற்றிலும் வெறுத்துவிடுவீரோ என்ற ஐயத்தோடுதான் நிறைவுபெறுகிறது. வெளிப்படுத்தின விசேஷம் 6ஆம் அதிகாரத்தில், பலிபீடத்தின் கீழிருக்கும் இரத்தசாட்சிகளின் ஆத்துமாக்கள்கூட “எதுவரைக்கும்” என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு வெள்ளை அங்கிகள் கொடுக்கப்பட்டன. இன்னும் கொஞ்சக்காலம் இளைப்பாற வேண்டும் என்று சொல்லப்பட்டது. கேட்டதற்காக ஒருவரும் கடிந்துகொள்ளப்படவில்லை.

ஆகையால் சங்கீதங்களில் காணும் திருப்பத்தை, ஒவ்வொரு ஜெபத்தின் முடிவிலும் நாம் எட்டிவிட வேண்டிய இலக்காக வைத்துக்கொள்ள வேண்டாம். அந்தத் திருப்பம் சிலருக்கு ஓர் இரவில் வருகிறது. சிலருக்கு ஆண்டுகள் செல்கின்றன. வராத துதியை வந்ததாகக் காட்டிக்கொள்வதைவிட, 88ஆம் சங்கீதத்தின் முடிவிலேயே உண்மையாக நிற்பது மேல்.

இதனோடு இன்னொன்றையும் கவனியுங்கள். எலியா சூரைச்செடியின்கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சொன்னபோது, தேவதூதன் அவருக்கு உபதேசம் செய்யவில்லை. தட்டியெழுப்பி உண்ணச் சொன்னான், எலியா மறுபடியும் உறங்கினார், மீண்டும் எழுப்பி உண்ணச் சொன்னான். தூக்கமும் உணவும் பல வாரங்களாகக் குலைந்திருந்தாலோ, சாக வேண்டும் என்ற எண்ணம் அடிக்கடி வந்தாலோ, தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். உதவி நாடுவதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் அதை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என் நண்பர் தம் பிள்ளையை இழந்திருக்கிறார். அவரிடம் போய் என்ன சொல்வது என்று தெரியாமல் போகாமலே இருக்கிறேன்.
— ஒரு வாசகர்

பதில்: போங்கள். யோபுவின் நண்பர்கள் 7 நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். அவர்கள் செய்தவற்றுள் மிக நல்லது அதுவே. வாயைத் திறந்து காரணம் விளக்கத் தொடங்கியபோதுதான் தவறினார்கள். தேவனுடைய நீதியைக் காப்பாற்றுவதாக எண்ணி அவர்கள் பேசிய நீண்ட பேச்சுகளின் முடிவில், யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தரே அந்த நண்பர்களுள் ஒருவராகிய எலிப்பாசிடம் சொன்னார். பிறந்த நாளைச் சபித்தவரும், தேவனோடு வழக்காட வேண்டும் என்றவரும் நிதானமாய்ப் பேசினவராக எண்ணப்பட்டார். ஆறுதல் சொல்லப் போகும் ஒவ்வொருவரும் யோபு நூலின் அந்த 42ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டுப் போவது நலம்.

ஆகையால், இதிலும் தேவனுக்கு ஒரு நோக்கம் இருக்கும், இதைவிடப் பெரிய இழப்பைச் சந்தித்தவர்கள் உண்டு, பிள்ளை நல்ல இடத்தில்தான் இருக்கிறது, அழாதே என்றெல்லாம் சொல்லாதீர்கள். அவற்றுள் உண்மையானவையும் இருக்கலாம். ஆனால் அவற்றைச் சொல்லும் உரிமை அந்தத் தகப்பனுக்கு மட்டுமே உண்டு. மார்த்தாளும் மரியாளும் தனித்தனியே வந்து, நீர் இங்கே இருந்திருந்தால் எங்கள் சகோதரன் மரிக்கமாட்டான் என்று குறைப்பட்டபோது இயேசு இருவரையும் கடிந்துகொள்ளவில்லை. சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப்போவதை அறிந்திருந்தும், அவர் கண்ணீர் விட்டார்.

உங்கள் நண்பர் பிள்ளையைப் பற்றிப் பேசினால் பேச்சை மாற்றாதீர்கள்; பிள்ளையின் பெயரைச் சொல்ல நீங்களும் தயங்க வேண்டாம். ஜெபிக்கலாமா என்று கேளுங்கள்; சம்மதித்தால், வேண்டாத சொற்களைக் கூட்டாமல் 13ஆம் சங்கீதத்தையே ஜெபமாக வாசியுங்கள். மறுத்தால், வீட்டுக்கு வந்து அவருடைய கேள்வியை அவருக்காக நீங்கள் தேவனிடம் கேளுங்கள். அடக்கத்துக்கு வந்த கூட்டம் கலைந்து எல்லோரும் தத்தம் வேலைக்குத் திரும்பிவிட்ட மாதங்களிலும், பிள்ளையின் பிறந்த நாளன்றும், நினைவு நாளன்றும், மறவாமல் மறுபடியும் போங்கள்.