கல்வீடும் சிமெண்டும்

அன்புள்ள சார்,

போன மாதம் குழந்தைகளோடு இங்கிலாந்துக் கிராமமான கெல்ம்ஸ்காட் போய், கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் இருந்த கல்வீட்டையும் அக்கம்பக்கத்துச் சிறுவீடுகளையும் பார்த்தோம். மாரிஸ் இருந்ததால்தான் அழகாகத் தெரிகிறதா, இல்லை கட்டடமே அப்படியா? நாங்களும் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் ஒரு பழைய கல்வீடு வாங்கியிருக்கிறோம். சுவரில் ஓதம். கல் இடுக்குகளில் சிமெண்ட் வைத்து அடைத்தால் சரியாகிவிடும் என்கிறார் கான்ட்ராக்டர். என் அப்பா ஊரில் கொத்தனார். பழைய வீடுகளில் சுண்ணாம்பு வேலை செய்தவர். அதனால் கட்டடம் என்றால் எனக்கும் ஓர் ஆசை.
ம.

அன்புள்ள ம.,

கட்டடமே அப்படித்தான். 1871இல் மாரிஸ் குத்தகைக்கு எடுத்தபோதே அது இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேலான விவசாயி வீடு. அக்கம்பக்கத்துச் சிறுவீடுகளில், மாரிஸின் உருவம் சுவரில் செதுக்கிய இரட்டை வீடு பிற்பாடு வந்தது. அவர் மறைந்தபின் மனைவி ஜேன், கட்டடக்கலைஞர் பிலிப் வெப்பைக் கொண்டு 1902இல் கட்டியது. இது போதும்.

சிமெண்டைப் பற்றி நானே எழுத நினைத்துக்கொண்டிருந்தேன். கொத்தனார் மகள் கேட்கிற கேள்வியா இது? அப்பாவுக்கு ஒரு போன் போட்டிருந்தால் சொல்லியிருப்பாரே!

அந்த வட்டாரத்துச் சுவர் ஒன்றரை, இரண்டடி கனம். உள்ளும் புறமும் கல் வரிசை, நடுவே சில்லும் மண்ணும். மழையில் நனையும், காற்றில் காயும். காய்வதற்கு வழி, இடுக்கிலிருக்கும் சுண்ணாம்புக் கலவை. அது கல்லைவிட மெத்தென்று இருப்பதால் ஈரம் அதன் வழியே போகும், உப்பும் அங்கேதான் பூக்கும். நாளாக நாளாகக் கலவை உதிரும். உதிர்ந்தால் மறுபடி வைத்துக்கொள்ளலாம். சிமெண்ட் வைத்து அடைத்தால் ஈரம் கல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அப்போது உதிர்வது கல்.

உங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றிலேயே இதைப் பார்த்தேன். கற்கள் ஓர் அங்குலம் உள்வாங்கியிருக்க, சிமெண்ட் மட்டும் வலை மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. ஒரு கல்லை விரலால் தேய்த்தேன், மஞ்சளாகக் கொட்டியது. வீட்டுக்காரர் பெருமையாக, "சிமெண்ட் அசையவே இல்லை பாருங்கள்" என்றார்.

உறைபனி வேறு இருக்கிறது. உங்கள் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரிலேயே ஸ்டோன்ஸ்ஃபீல்ட் என்ற கிராமத்தில் கூரைக்கல் செய்ததே பனியை வைத்துத்தான். சுரங்கத்துக் கல்லை ஈரம் காயவிடாமல் குளிர்காலத்தில் வெட்டவெளியில் போட்டுவைப்பார்கள். உள்ளே நீர் உறைந்து விரிய, கல் தகடு தகடாகப் பிளக்கும். அந்தப் பனி, ஈரம் சிக்கிய உங்கள் சுவரை மட்டும் சும்மா விடுமா?

பழைய கட்டடங்களைக் காக்க மாரிஸ் 1877இல் சங்கமே தொடங்கினார். பழைய பூச்சைச் சுரண்டிப் புதுப்பிக்கிறேன் என்று கிளம்பியவர்களோடுதான் அவருக்குச் சண்டை. அவர் இருந்த கெல்ம்ஸ்காட் வீட்டிலேயே பிற்காலத்தில் சேர்த்த பகுதியின் சுவரில் மெல்லிய பூச்சு உண்டு, வெயிலும் மழையும் பட்டுக் கல் நிறத்துக்கே வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். கவனித்தீர்களா? எங்கே, செல்ஃபி எடுக்கவே நேரம் போயிருக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள், அம்மா, ஆசையாக வாங்கிய வீடு கெட்டுப்போகக் கூடாதே என்றுதான் சொல்கிறேன்.

முதலில் கான்ட்ராக்டரை நிறுத்துங்கள். கூரைத் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறதா, வெளியே மண் மேடேறி உள்தரையைவிட உயர்ந்து கிடக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் ஓதம் அங்கிருந்துதான் வருகிறது. கலவை வைத்தே ஆகவேண்டுமென்றால் சுண்ணாம்புதான், அதுவும் குளிர் முழுக்க விட்டபிறகு. இறுகுமுன் பனி பட்டால் பொரிந்து விழுந்துவிடும். அதுவரை அவர் முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.