கல்யாண வீடியோவுக்கு ஹேண்டிகேம் போதுமா, புரொபஷனல் கேமராதான் வேண்டுமா?

கேள்வி கேட்ட தம்பியிடம் அமெரிக்காவிலிருந்து அண்ணன் அனுப்பிய ஹேண்டிகேம் ஒன்று இருக்கிறதாம். அதுவும் ஃபுல் எச்டி, கடைக்காரர் காட்டும் பெரிய கேமராவும் ஃபுல் எச்டி. பிறகு எதற்கு அத்தனை காசு, இதை வைத்தே கல்யாண ஆர்டர் பிடிக்கலாமே என்கிறார்.

படத்துக்காக மட்டும் என்றால் காசு கொடுக்க வேண்டாம். 1996-ல் கும்பகோணம் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் லைட் பிடிக்கும் பையனாகச் சேர்ந்து, விஎச்எஸ் காலத்திலிருந்து மண்டபம் மண்டபமாக நின்றவன் சொல்கிறேன். நல்ல வெளிச்சத்தில் உங்கள் ஹேண்டிகேம் எடுக்கும் படத்துக்கும் பெரிய கேமரா எடுக்கும் படத்துக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கு வித்தியாசம் தெரியாது. பல நேரம் எனக்கே தெரியாது.

ஒரு பழைய கதை. 2004 கடைசியில் சோனி எஃப்எக்ஸ்1 வந்தது. மினிடிவி (MiniDV) என்ற சின்ன டேப்பிலேயே எச்டி பதியும் எச்டிவி (HDV) முறை, 1080i. சில மாதங்களில் அதே உடம்போடு இசட்1 வந்தது. அதே 12 மடங்கு ஜூம் லென்ஸ், படத்தைப் பிடிக்கும் அதே மூன்று சிசிடி சென்சார், அதே டேப். முதலாவது வீட்டுக்காரருக்கு, இரண்டாவது தொழில்காரருக்கு. இரண்டின் படத்தையும் அருகருகே ஓட்டினால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் நாங்கள் கடன் வாங்கி இசட்1 பக்கம் போனதற்கு முதல் காரணம், அதில் இருந்த இரண்டு எக்ஸ்எல்ஆர் துளைகள். மைக் ஒயரைச் செருகிப் பூட்டும் மூன்று முள் துளைதான். சிரிக்காதீர்கள்.

முகூர்த்த மேடைக்குப் பத்தடி தள்ளி நாதஸ்வரமும் தவிலும் இருக்கும். ஹேண்டிகேம் மைக்கின் சத்த அளவை அதுவே ஏற்றும், அதுவே இறக்கும். தவில் ஒரு தட்டுத் தட்டியதும் அளவைச் சடாரென்று இறக்கிவிடும். அந்த நேரத்தில் புரோகிதர் சொல்லும் மந்திரமும் பெண்ணின் அப்பா விம்முவதும் கிணற்றுக்குள் போய்விடும். தவில் நின்றதும் மெதுவாக ஏற்றும். இப்போது மின்விசிறி இரைச்சலும் பந்தியில் இலை போடும் சத்தமும் மேலே வரும். மைக் செட்காரரிடம் லைன் கேட்டு வாங்கலாம் என்றால், அவர் மிக்ஸரிலிருந்து வருவது மைக் சத்தத்தைவிடப் பல மடங்கு பலமான லைன் சிக்னல். ஹேண்டிகேமின் சின்ன மைக் துளையில் அதை நேராகக் கொடுத்தால் கரகரவென்று கிழியும். இசட்1 மாதிரிக் கேமராவில் அந்தத் துளையை லைனா மைக்கா என்று ஒரு சுவிட்சில் மாற்றலாம். ஒரு சேனலில் மிக்ஸர், இன்னொன்றில் புரோகிதர் பக்கம் ஒரு மைக், இரண்டுக்கும் தனித்தனித் திருகு. கெட்டிமேளத்துக்குப் புரோகிதர் விரலை ஆட்டும்போதே என் விரல் திருகில் இருக்கும். படம் கொஞ்சம் மங்கினால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. சத்தம் போனால் வருவார்கள்.

டேப் காலத்தில் எச்டி என்னை ஒரு முறை நன்றாகக் கவிழ்த்தது. எச்டிக்கு முந்தைய டிவி (DV) முறையில் டேப்பில் தூசு பட்டால் ஒரு ஃப்ரேமில் நாலு கட்டம் தெரியும், போய்விடும். எச்டிவியில் 12 ஃப்ரேமை ஒரு கட்டாகச் சேர்த்துச் சுருக்குவார்கள். அதில் முதல் ஃப்ரேம் கெட்டால் அதை நம்பியிருக்கும் மீதியும் கெட்டது, கிட்டத்தட்ட அரை விநாடி. எனக்கு அந்த அரை விநாடி தாலி முடிச்சில் வந்தது. மாப்பிள்ளையின் கை நடுவானில் நின்றது. படம் திரும்ப நகர்ந்தபோது நாத்தனார் முடிச்சு தொடங்கியிருந்தது. ஓமப் புகைக்குள் அரை நாள் நின்ற கேமராவில் டேப்பை உரசிப் பதியும் ஹெட்டை நான் துடைக்காததுதான் காரணம். பக்கவாட்டில் நின்ற இரண்டாவது கேமராவின் ஷாட்டை ஒட்டித் தப்பித்தேன்.

கார்டு வந்ததும் அந்தக் கவலை ஒழிந்தது. 2006-ல் சோனியும் பானாசோனிக்கும் சேர்ந்து அறிவித்த ஏவிசிஎச்டி (AVCHD) என்ற பதிவு முறைதான் உங்கள் ஹேண்டிகேமிலும் இருக்கும். அதில் நீளமான ஷாட் பல ஃபைல்களாக உடைந்து பதியும். வீடியோ இருக்கும் எம்டிஎஸ் (MTS) ஃபைல்களை மட்டும் இழுத்துக் காப்பி செய்யாமல் கார்டில் உள்ள ஃபோல்டரை அப்படியே முழுதாக எடுங்கள். இல்லையென்றால் இரண்டு ஃபைல் சேரும் இடத்தில் படம் குதிக்கலாம், சத்தம் வெட்டலாம்.

அட்சதை போடும் ஷாட்டில் மட்டும் சுருக்கத்தின் குணம் தெரியும். ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் பூவும் அரிசியும் எறியும்போது திரையில் ஒவ்வொரு புள்ளியும் நகர்கிறது. ஏவிசிஎச்டியின் நொடிக்கு 24 மெகாபிட்டில் அத்தனையையும் அடைக்க முடியாமல் படம் கட்டம் கட்டமாகும். 2010-ல் வந்த கேனான் எக்ஸ்எஃப்300 போன்றவை 50 மெகாபிட்டில் பதிந்தன. அங்கே காசு படத்துக்கும் போகிறது என்று ஒப்புக்கொள்கிறேன்.

போட்டோகிராபர் இன்னொரு சங்கடம். சிசிடி ஒரு ஃப்ரேம் முழுவதையும் ஒரே தருணத்தில் பிடிக்கும். ஃபிளாஷ் அடித்தால் படம் ஒரு முறை பளிச்சென்று வெளுக்கும், அவ்வளவுதான். சீமாஸ் (CMOS) என்ற இன்னொரு வகை சென்சார் வரிசை வரிசையாக மேலிருந்து கீழே படிக்கும். ஃபிளாஷ் எரிவதோ விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆகவே பாதிப் படம் வெள்ளை, பாதி சாதாரணம். தாலி கட்டும்போது நாலு போட்டோகிராபர்கள் சேர்ந்து அடித்தால் திரை கிழிந்து கிழிந்து ஒட்டுகிற மாதிரி இருக்கும். இதில் ஹேண்டிகேம், புரொபஷனல் என்ற பேதமே கிடையாது. இன்று கிட்டத்தட்ட எல்லாமே சீமாஸ்தான். வாங்கும் முன் கடையிலேயே செல்போன் லைட் அல்ல, நிஜ ஃபிளாஷ் அடித்துப் பாருங்கள்.

வீடியோவும் எடுக்கும் போட்டோ கேமராவான டிஎஸ்எல்ஆர் எடுத்தால் என்ன என்று அடுத்து கேட்பீர்கள். 2008-ல் வந்த கேனான் 5டி மார்க் 2-வில் ஒரு ஷாட் 4 ஜிபி வரைதான், ஃபுல் எச்டியில் சுமார் 12 நிமிடம். பின்னால் வந்த பலவற்றில் 29 நிமிடம் 59 விநாடி. அரை மணி தொட்டால் ஐரோப்பாவில் அது வீடியோ கேமரா ஆகிவிடும், வரி கூடும் என்று வைத்த கணக்கு. மாயவரத்தில் ஒரு ரிசப்ஷனில் இரவல் டிஎஸ்எல்ஆரை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு நான் பந்திக்குப் போனேன். திரும்பி வந்தால் அது எப்போதோ நின்று போயிருந்தது. இப்போதைய மிரர்லெஸ்களில் பலவற்றுக்கு அந்த வரம்பு இல்லை. ஆனால் சித்திரை மாதத்து மண்டபத்தில் 4கே ஓடவிட்டால் சில உடம்புகள் சூடேறிக் கண்ணை மூடும்.

பெரிதாக இருந்தால் உசத்தி என்பதும் பொய். நம் பக்கம் கல்யாணங்களில் நிறையச் சுற்றிய சோனி எம்சி2500 தோள் கேமராவுக்குள் இருந்த சென்சார் கால் அங்குலம்தான். தோளில் ஏறியதும் பெண் வீட்டார் வழிவிடுவார்கள், அதுவும் ஒரு வசதி. இன்னொரு வேடிக்கை: பல வருடம் போர்டில் ‘எச்டி வீடியோ’ என்று எழுதி, எச்டியில் எடுத்து, கடைசியில் 720க்கு 576 டிவிடியாகச் சுருக்கித்தான் கொடுத்தோம். யாரும் கேட்கவில்லை.

உங்கள் ஹேண்டிகேமில் எனக்குள்ள பெரிய பயம் வேறு. அமெரிக்க மாடல் என்றால் பெரும்பாலும் 60i, அதாவது நொடிக்கு 60 அரைப்படம் என்ற கணக்கில் மட்டும் பதியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் நொடியில் 60-ல் ஒரு பங்காக இருந்தால் படம் இமைத்துக்கொண்டே இருக்கும். மெனுவில் 100-ல் ஒரு பங்கு ஷட்டர் கிடைத்தால் அது அடங்கும். ஆனாலும் நம் ஊர்க் கணக்கான 50i-யில் ஓடும் இன்னொரு கேமராவோடு எடிட்டிங்கில் சேர்த்தால் அசைவு துள்ளும். எனவே அதை நிச்சயதார்த்தம், காதுகுத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்தாறு கல்யாணத்துக்கு ஒரு நல்ல கேமராவை வாடகைக்கு எடுங்கள்.

பிறகு வாங்குவதானால், 2017-ல் சோனி மறுபடி அந்தப் பழைய விளையாட்டை ஆடியிருக்கிறது: ஏஎக்ஸ்700, என்எக்ஸ்80, இசட்90. மூன்றிலும் ஒரு அங்குல சென்சார், 12 மடங்கு ஜூம், இரண்டு கார்டு. வீட்டுக்காரருக்கான முதலாவதில் எக்ஸ்எல்ஆர் கைப்பிடி இல்லை. மற்ற இரண்டில் உண்டு. இசட்90-ல் எல்இடி திரைக்கு ஒயர் இழுக்க எஸ்டிஐ (SDI) என்ற வீடியோ துளையும் உண்டு. செகண்ட் ஹேண்டில் என்எக்ஸ்80 அகப்பட்டால் நான் அதைத்தான் எடுப்பேன். பார்க்கப் போகும்போது ஒரு எக்ஸ்எல்ஆர் ஒயரும் மைக்கும் கையோடு கொண்டுபோங்கள். இரண்டு துளையிலும் செருகி, ஒயரை ஆட்டி, ஹெட்போனில் கேளுங்கள். கரகரப்பு கேட்டால் விலை எவ்வளவு குறைத்தாலும் எடுக்காதீர்கள்.