இனிக்கும் விஷத்தை எப்படி ஒதுக்குவது?

கேள்வி: மோசமான பொருளை விற்கும் கம்பெனியை மக்களே ஒதுக்கிவிடுவார்கள். சந்தையே பார்த்துக்கொள்ளும் என்கிறபோது அரசாங்கக் கட்டுப்பாடு எதற்கு? (வாசகர், திருப்பூர்)

பதில்: ஒதுக்குவார்கள், சரி. எப்போது? பிள்ளையைப் பறிகொடுத்த பிறகா?

1937-ல் அமெரிக்காவின் டென்னசியில் மாசென்கில் என்ற கம்பெனி, கிருமித் தொற்றுக்குக் கொடுக்கிற சல்ஃபா மருந்தைக் குடிக்கிற மருந்தாக்க டைஎத்திலீன் கிளைக்கால் என்ற இனிக்கும் விஷ ரசாயனத்தில் கரைத்து, 'எலிக்சிர்' என்ற பெயரில் விற்றது. ருசி பார்த்தார்கள், மணம் பார்த்தார்கள், விஷமா என்று மட்டும் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி அன்று சட்டமும் கிடையாது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள், அதில் பல குழந்தைகள். விஷத்தை விற்றதற்காகப் பிடிக்க அதிகாரிகளுக்கு வழியில்லை. 'எலிக்சிர்' என்று பெயர் வைத்தால் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை என்ற ஒரே பிடியை வைத்துக்கொண்டுதான் பாட்டில்களைத் தேடித் தேடிப் பறிமுதல் செய்தார்கள். விற்கும் முன்பே பாதுகாப்பானது என்று காட்டு என்ற சட்டம் 1938-ல் வந்தது, அத்தனை சாவுக்கு அப்புறம்.

2025-ல் அதே ரசாயனம் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தில் இருந்தது. 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தமிழக அரசு ஆய்வகம் கண்டது 48.6. மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் போய்விட்டார்கள்.

சட்டம் இருந்தும் நடந்ததே என்று கேட்பீர்கள். கேளுங்கள், எனக்கும் அதே கோபம்தான். ஒழுங்காகச் சோதனைக்குப் போகாத மருந்து ஆய்வாளர்கள் இரண்டு பேரை அரசே சஸ்பெண்ட் செய்தது. அதற்காகச் சோதனையே வேண்டாம் என்பீர்களா? அந்த விஷம் இனிக்கும், ஐயா. அது கலந்திருப்பது ஸ்பூனில் ஊற்றிக் கொடுக்கிற அம்மாவுக்கும் தெரியாது, சீட்டு எழுதிய டாக்டருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை எப்படி ஒதுக்குவது?

வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது. இதே பக்கத்தில் பல தடவை எழுதிவிட்டேன், இன்னொரு தடவையும் எழுதுகிறேன்: மாத்திரை அட்டையில் காலாவதித் தேதியைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அச்சடியுங்கள். வெள்ளி அட்டையில் பொடி எழுத்தில், ஒரே ஒரு ஓரத்தில் போடுகிறார்கள். கடைக்காரர் நான்கு மாத்திரையை வெட்டிக் கொடுத்தால் தேதி உள்ள ஓரம் அவரிடமே தங்கிவிடுகிறது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மருந்து வாங்கும் வயதானவர்கள் அதை எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்? ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் தேதி இருக்க வேண்டும் என்று அரசு உத்தரவு போடட்டும்.