மலைநாட்டுக் கடைகளும் கம்பனி மருந்துகளும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஏறத்தாழ 1890 முதல் 1940 வரை இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கும் நகரக் கடைகளுக்கும் வந்து சேர்ந்த கம்பனி மருந்துகளையும் (கம்பனிகள் தம் பெயரிட்டு ஆயத்தமாக விற்ற மருந்துகள்), அவற்றைச் சுமந்து வந்த வியாபாரத்தையும் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதிலளிக்கிறேன். நான் வைத்தியன் அல்லன். யாருக்கும் மருந்து சொல்வதில்லை. பழைய போத்தல்களுக்கு விலையும் சொல்வதில்லை.

தலவாக்கலை வாசகர்: பழைய பங்களா ஒன்றின் களஞ்சிய அறையைத் துப்புரவு செய்தபோது, ‘குளோரோடைன்’ என்ற எழுத்துகள் கண்ணாடியில் புடைத்திருக்கும் சிறு போத்தல் ஒன்று கிடைத்தது. அடியில் கறுப்பாகக் கொஞ்சம் திரவம் இருக்கிறது. இது என்ன ஐயா?

தக்கையைத் திறக்காதீர்கள், முகர்ந்தும் பார்க்காதீர்கள். இந்தியாவில் பிரித்தானியப் படை மருத்துவராக இருந்த ஜோன் கொலிஸ் பிரவுண் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வாந்திபேதிக்கென்று உருவாக்கிய மருந்து இது. அபின் கரைசல், கஞ்சாச் சாறு, குளோரோபோம் ஆகியவை அதில் சேர்ந்திருந்தன. பிற்பாடு ஃப்ரீமன் போன்ற வேறு தயாரிப்பாளர்களும் அதே பெயரில் மருந்து விற்றார்கள். ஆகையால் உங்கள் போத்தலில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

அபின் குடலின் ஓட்டத்தைத் தளர்த்தும், வயிற்று வலியை மறக்கச் செய்யும், தூக்கத்தையும் வரவழைக்கும். எனவே நோயாளி தேறிவிட்டதாகவே வீட்டாருக்குத் தோன்றும். ஆனால் வாந்திபேதியில் உயிரைப் பறிப்பது உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுவதுதான். அந்த இழப்பை ஈடுசெய்ய இந்த மருந்தில் எதுவும் இல்லை. நகரத்து வைத்தியரிடம் போய்ச் சேர அரை நாளாகும் பங்களாக்களில் இது ஏன் அலுமாரியை விட்டு அகலவில்லை என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். இத்தகைய பொருள்களை இலங்கையில் கட்டுப்படுத்தும் நஞ்சுகள், அபின், அபாயகர மருந்துகள் கட்டளைச் சட்டம் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டமாகும். போத்தலை மூடியபடியே வைத்து, அருகிலுள்ள அரச மருத்துவமனையின் மருந்தாளரிடம் ஆலோசனை கேளுங்கள்.

பண்டாரவளை வாசகர்: போத்தலின் வயதை எப்படி அறிவது?

பக்கவாட்டில் ஓடும் அச்சுத் தழும்பை விரலால் தடவிப் பாருங்கள். அது கழுத்தோடு நின்றுவிட்டால், வாயை மனிதர் கையால் முடித்திருக்கிறார். வாயின் விளிம்பைத் தாண்டி மேலே வரை ஏறியிருந்தால் அது பொறியில் வார்த்தது. ஓவன்ஸின் தானியங்கிப் பொறி அமெரிக்காவில் வந்தது 1903இல்; அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் இரு வகைகளும் சேர்ந்தே விற்பனையில் இருந்தன. ஆகவே தழும்பு ஒரு திசையைக் காட்டுமேயன்றி ஆண்டைக் காட்டாது.

ஹப்புத்தளை வாசகர்: என்னிடம் உள்ள நீலப் போத்தல் என்ன விலைக்குப் போகும்?

விலை சொல்வதில்லை.

மஸ்கெலியா வாசகர்: எங்கள் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்குப் பின்னாலுள்ள பழைய குப்பைக் குழியில் ஈனோ உப்புப் போத்தல்களும் வேறு ஆங்கில மருந்துப் போத்தல்களும் ஏராளமாகக் கிடைத்தன. நம் முன்னோர்கள் இவற்றைக் குடித்தார்கள் என்று கண்காட்சியில் எழுதலாமா?

எழுத வேண்டாம். போத்தல் கிடைத்த இடம், மருந்து குடிக்கப்பட்ட இடம் ஆகாது.

முதலில் கணக்கைப் பாருங்கள். அக்காலத்துக் கம்பனி மருந்துகளில் பேர்போனது பீச்சம் மாத்திரை. 56 மாத்திரைகள் கொண்ட பெட்டியின் விலை இங்கிலாந்தில் 1 ஷில்லிங் 1½ பென்னி, அதாவது 13½ பென்னி. அதில் இருந்தவை கற்றாழைப் பால், இஞ்சி, சவர்க்காரம் ஆகியவையே என்றும், 56 மாத்திரைகளுக்குமான மூலப்பொருள்களின் அடக்கவிலை அரைக் காற்பென்னி, அதாவது பென்னியில் எட்டில் ஒரு பங்கு அளவே என்றும் பிரித்தானிய மருத்துவர் சங்கம் 1909இல் சோதித்து வெளியிட்டது. அன்று ஒரு ரூபாய்க்கு 16 பென்னி. அப்படியானால் கப்பல் கூலியும் கடைக்காரர் இலாபமும் சேருமுன்பே ஒரு பெட்டி 84 சதம் ஆகிறது. இருபது ஆண்டுகள் கழித்து, 1929இல் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தபோதுகூட, மலையுச்சித் தோட்டங்களில் ஆணுக்கு ஒரு நாளைக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். அதிலும் அரிசிக்காசு பிடித்த பிறகு மிஞ்சுவதுதான் கையில் வரும்.

அப்படியிருந்தும் போத்தல் லயத்துக்கு வந்தது. பங்களாவில் காலியான போத்தல் குசினி வாசல் வழியாக வெளியேறி, பங்களாப் பணியாளரான அப்புவின் கையிலிருந்தோ பழைய போத்தல் வாங்குபவரிடமிருந்தோ கடைக்குப் போய், அங்கிருந்து மண்ணெண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்குமாக லயத்துக்கு வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து வாங்க வருகிறவர் தாமே போத்தல் கொண்டுபோக வேண்டியிருந்ததும் ஒரு காரணம். பெரிய சாடியிலிருந்து ஊற்றிய கலவையை எத்தனை வேளை குடிப்பது என்று காட்டுவதற்கு, பக்கத்தில் பல்போல வெட்டிய காகிதப் பட்டையை ஒட்டிக் கொடுப்பார்கள். உங்கள் போத்தல்களில் பசை ஒட்டிய நீண்ட கோடு ஏதும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கண்காட்சிக்கு அதுவே நல்ல செய்தி. கழுவிவிடாதீர்கள்.

நாவலப்பிட்டி வாசகர்: தோட்ட மக்களை ஒன்றுக்கும் வழியில்லாதவர்களாகக் காட்டுகிறீர்கள். கடையில் கடன் கணக்கு இருந்தது, மூட்டை சுமந்து விற்கும் பொட்டணி வியாபாரி வந்தார், ஆள் திரட்டி வேலை வாங்கும் கங்காணியிடம் முற்பணம் இருந்தது. எங்கள் அப்பாயி தன் தாயார் காலத்திலிருந்தே அமிர்தாஞ்சனம் வீட்டில் இருந்ததாகச் சொல்வார்.

அப்பாயி சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் மஸ்கெலியா வாசகர் கேட்டது குடிக்கும் மருந்து. நீங்கள் சொல்வது பூசும் தைலம். இரண்டின் வியாபாரமும் வேறு. அமிர்தாஞ்சனத்தைக் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் தொடங்கினார். 1914இல் அது சென்னைக்கு மாறியது. அதே 1914இல்தான் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் ரயிலும் இணைந்த பாதை திறக்கப்பட்டது. ஊருக்குப் போய்த் திரும்புகிறவர் துணி மூட்டைக்குள் ஒரு சிறு குப்பியை வைத்துக்கொண்டு வருவதற்கு வியாபாரியே தேவையில்லை. விரல் நுனியால் தொட்டுப் பூசுவதால் ஒரு குப்பி ஒரு குடும்பத்துக்குப் பல மாதங்கள் வரும். அக்கம்பக்கத்துக் காம்பராக்களில் (லயத்து அறைகளில்) இருப்பவர்களும் கடன் கேட்டு வருவார்கள். லயத்துக்குள் கம்பனி மருந்து நுழைந்த வாசல் தைலம்தான் என்பதே என் கருத்து.

மீண்டும் நாவலப்பிட்டி வாசகர்: கடன் கணக்குக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

சொல்கிறேன். கடன் இருந்தது என்பதனாலேயே ஆடம்பரப் பொருள் வாங்கினார்கள் என்று ஆகிவிடாது. கங்காணியிடம் இருந்த முற்பணம் ஆளைத் தோட்டத்தோடு கட்டிவைத்த கடன். அந்தக் கடனைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. சம்பள நாளில் தீர்க்கப்படும் கடைக் கணக்கு வேறு. அதில் கருவாடு, மிளகாய், புகையிலை போன்றவற்றுக்கு நடுவே சீமை மருந்து எத்தனை முறை வருகிறது என்பதைக் கொப்பியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கடன் இருந்ததையும் போத்தல் கிடைத்ததையும் கூட்டி மருந்து குடித்ததாக முடிவெடுப்பதைத்தான் நான் ஏற்கவில்லை. வசம்பும் ஓமமும் கொத்தமல்லித் தண்ணீரும் குப்பைக் குழியில் எதையும் விட்டுச் செல்வதில்லை. கண்ணாடி விட்டுச் செல்கிறது. அதனால்தான் இந்த மயக்கம்.

மாத்தளை வாசகர்: இந்த விவாதத்துக்கிடையில் ஒரு கேள்வி. இரத்தச் சோகைக்குச் சிவப்பு மாத்திரை விற்றார்களாமே, அது நம் மக்களுக்கு உதவியிருக்குமா?

நல்ல கேள்வி. டொக்டர் வில்லியம்ஸ் பெயரில் விற்ற இளஞ்சிவப்பு மாத்திரையைத்தான் குறிப்பிடுகிறீர்கள். அதில் இரும்புச் சத்து உண்மையாகவே இருந்தது. கம்பனி மருந்துகளில் இது அபூர்வம். ஆனால் தோட்டங்களில் இரத்தச் சோகைக்குப் பெரிய காரணமாக இருந்தது கொக்கிப்புழு. வெறுங்காலோடு நடக்கிறவரின் தோல் வழியாக நுழைந்து குடலில் தங்கி இரத்தம் குடிக்கும் புழுவை விட்டுவைத்து இரும்பை மட்டும் கொடுப்பது, ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றுவது போன்றது. அமெரிக்காவின் ரொக்பெல்லர் அமைப்பின் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை 1916 அளவில் உங்கள் மாத்தளைத் தோட்டங்களில்தான் தொடங்கியது. கெனோபோடியம் எண்ணெய் கொடுத்துப் புழுவை வெளியேற்றினார்கள். மலசலகூடம் கட்டவும் வற்புறுத்தினார்கள். அந்த எண்ணெயின் அளவு மிஞ்சினால் அதுவே நஞ்சு. பழைய போத்தல் எதையும் சுவைத்துப் பார்க்காதீர்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

கம்பளை வாசகர்: பழைய செய்முறைப்படி கிரைப் வோட்டர் வீட்டிலேயே தயாரித்துக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

கூடாது. 1851இல் நொட்டிங்காமில் வூட்வர்ட் தயாரித்த அந்தப் பழைய கலவையில் மதுசாரம் இருந்தது. குழந்தையை வைத்தியரிடம் காட்டுங்கள்.

நுவரெலியா வாசகர்: ஹக்கலையில் சிங்கோனா மரம் இருந்ததாமே, அதன் பட்டையிலிருந்து எடுக்கும் கொய்னா (குயினைன்) மருந்து இங்கேயே செய்தார்களா?

ஹக்கலைப் பூங்கா 1861இல் தொடங்கியதே சிங்கோனாவுக்காகத்தான். 1869இல் கோப்பியில் இலைநோய் கண்ட பிறகு தோட்டத் துரைமார் பலர் சிங்கோனாவுக்குத் தாவினார்கள். ஆனால் ஏற்றுமதியானது பட்டைதான். எல்லோரும் ஒரே நேரத்தில் பட்டையை அனுப்பியதால் 1880களில் விலை விழுந்தது. மரங்களைப் பிடுங்கித் தேயிலை நட்டார்கள்.

இராகலை வாசகர்: பச்சை நிறம், ஆறு பட்டை, பக்கங்களில் வரிவரியாக மேடு. விலை என்னவாக இருக்கும்?

ஹப்புத்தளை வாசகருக்குச் சொன்னதே உங்களுக்கும். ஆனால் அந்த வரிகள் அழகுக்காக வைத்தவை அல்ல. விளக்கில்லாத இரவில் கையில் எடுப்பவர் இது நஞ்சு என்று தடவியே அறிவதற்காக வைத்தவை. பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

டிக்கோயா வாசகர்: லேபிளோடு ஒரு போத்தல் இருக்கிறது. அழுக்குப் போக ஊறவைக்கலாமா?

ஊறவைக்காதீர்கள். காய்ந்த மெல்லிய தூரிகையால் தூசியை மட்டும் தட்டிவிடுங்கள். அந்த வீட்டில் பழைய கடைக் கொப்பி ஏதும் இருந்தால், போத்தலை விட்டுவிட்டு அதன் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள். நாவலப்பிட்டி வாசகரும் நானும் சேர்ந்தே படிக்கிறோம்.