மோட்டார் ஹோமில் (படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வீடு போன்ற வண்டி) தூங்கும்போது தீப்பிடித்தால் எப்படித் தப்பிப்பது?

முதலில் ஆட்களை வெளியேற்றுங்கள், தீயை அணைப்பதெல்லாம் அப்புறம். மெல்லிய பலகைச் சுவர், ஸ்பாஞ்ச் மெத்தை, திரைச்சீலை எல்லாம் சட்டெனப் பற்றிக்கொள்ளும். இடமும் சின்னது என்பதால் ஓரிரு நிமிடத்திலேயே புகை மண்டிவிடும்.

பல வண்டிகளில் அடுப்பு வாசல் கதவை ஒட்டியே இருக்கிறது. அங்கே தீ என்றால் பின்பக்கம் படுத்திருப்பவருக்கு அவசர ஜன்னல்தான் வழி. அதை மாதக்கணக்கில் திறக்காமல் விட்டால் ஓரத்து ரப்பர் ஒட்டிக்கொண்டு, தள்ளினாலும் அசையாது. ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் திறந்து பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியைத் தடவிக் கண்டுபிடிக்கப் பழகுங்கள். இருட்டில், புகையில் அப்படித்தான் தேட வேண்டியிருக்கும். குழந்தைகளையும் ஒருமுறை அதன் வழியாக இறக்கிப் பாருங்கள். தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்பது அப்போதுதான் உறைக்கும்.

எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோரம் தேங்கும். அதனால் கேஸ் அலாரம் தாழ்வாகவும் புகை அலாரம் கூரையிலும் இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணமே கிடையாது, அதற்கும் ஓர் அலாரம் தேவை. வண்டி ஓடும்போது சிலிண்டர் வால்வை மூடிவிடுங்கள். தீயணைப்பானைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள், அடுப்புக்கு மேலே வேண்டாம். தீ எரியும்போது அங்கே கை நீட்ட முடியாது.