பத்து விதிகளும் ஒரு சாலைத் தடுப்பும்

அன்புள்ள ஐயா,

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கிறேன். வயது முப்பத்து நான்கு. ஒரு கிடங்கில் கணக்கு எழுதும் வேலை. மனைவியும் ஆறு வயது மகனும் இருக்கிறார்கள். என் தந்தை நல்லவர்தான். ஆனால் வெள்ளிக்கிழமை சம்பளம் கைக்கு வந்தால் ஞாயிறு இரவு வரை குடிப்பார். அவரைப் போல ஆகிவிடக் கூடாது என்பதைத் தவிர, ஓர் ஆண் எப்படி வாழ வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கைப்பேசியில் ஆண்களுக்கு அறிவுரை கூறுபவர்களில் ஒருவர் உடம்பை ஏற்று என்கிறார், ஒருவர் பணத்தைச் சேர் என்கிறார், இன்னொருவர் பெண்ணுக்கு இடம் கொடுக்காதே என்கிறார். ஆகவே நானே எனக்கென்று பத்து விதிகளை எழுதினேன்: வலிமையாக இருப்பேன், சொன்ன சொல் தவற மாட்டேன், குடும்பத்தையும் ஊரையும் காப்பேன், சம்பாதித்து வீட்டை நடத்துவேன், எதற்கும் கலங்க மாட்டேன், பெண்களை மதிப்பேன், குடிக்க மாட்டேன், யாரிடமும் கையேந்த மாட்டேன், நேர்மையாக இருப்பேன், பண்பாட்டை மறக்க மாட்டேன். இவை போதுமா? எதையாவது விட்டுவிட்டேனா? சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகும் என் மகனுக்கு இவற்றைக் கற்றுக்கொடுக்கலாமா?

கு., சாட்ஸ்வொர்த்

அன்புள்ள தம்பி,

பட்டியலை இரண்டு முறை படித்தேன். பத்தில் ஏழாவது மட்டுமே விதி. இரண்டாவதைப் பாதி விதி எனலாம். எஞ்சியவை, நீங்கள் எப்படிப்பட்டவராகத் தெரிய விரும்புகிறீர்கள் என்பதைச் சொல்லும் ஆசைகள். ஆசைப்படுவதில் தவறில்லை, ஆனால் ஆசையை மீற முடியாது. மீற முடியாத ஒன்றைக் காப்பாற்றவும் முடியாது. 'குடிக்க மாட்டேன்' என்பதைக் கடைப்பிடித்தீர்களா என்று இரவு படுக்கும்போது உங்களையே கேட்டால், ஆம் அல்லது இல்லை என்ற விடை உண்டு. 'வலிமையாக இருப்பேன்' என்பதை எந்த நாளில், எந்த நேரத்தில் கைவிட்டீர்கள் என்று உங்களாலும் சொல்ல முடியாது, உங்கள் மனைவியாலும் சொல்ல முடியாது. அந்த ஏழாவது விதி எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். அதை எந்தக் காணொளியும் உங்களுக்குத் தரவில்லை. தந்தையின் வெள்ளிக்கிழமைகளைக் கண்டு, உங்கள் வீட்டு ஆண்கள் எந்த இடத்தில் சறுக்குகிறார்கள் என்று தெரிந்துகொண்டு, அந்த இடத்தில் நீங்களே நட்ட வேலி அது.

உங்கள் மகன் வகுப்பில் ஒப்பிக்கும் ஆத்திசூடியை ஒரு நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். 'அறம் செய விரும்பு' தொடங்கி 'ஔவியம் பேசேல்' வரை உயிரெழுத்துகளுக்கு உரிய பன்னிரண்டு வரிகளில் ஏழு, 'கரவேல்', 'விலக்கேல்', 'விளம்பேல்' என்று விலக்கலாகவே முடிகின்றன. வீரனாக இரு, பெரியவனாக இரு என்று அந்தக் கிழவி இந்த வரிகளில் எங்கும் சொல்லவில்லை. கையும் வாயும் செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் சுட்டி, அதைச் செய்யாதே என்கிறாள். குறளிலும் பேராண்மை என்ற பெருஞ்சொல் வரும் இடங்களை எடுத்துப் பாருங்கள். 148ஆம் குறளில் பிறன்மனை நோக்காமையே பேராண்மை. 962ஆம் குறளில் புகழோடு பேராண்மையையும் வேண்டுபவர், புகழுக்காகக்கூடச் சீரல்லாததைச் செய்யாதவர். 773ஆம் குறளில் மட்டும் அது பகைவர்மேல் காட்டும் தறுகண்மை, அதாவது இரக்கம் பாராத வீரம். அங்கும் வள்ளுவர் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மூன்றாவது வரிக்கு அது தேவைப்படும்.

'குடும்பத்தையும் ஊரையும் காப்பேன்.' பத்திலும் இதை எழுதும்போதுதான் உங்களுக்கு மிகுந்த நிறைவு தோன்றியிருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு மிகுந்த அச்சம் தருவதும் இதுதான். டர்பனில் நம் இந்தியர்கள் மிகுதியாக வாழும் ஃபீனிக்ஸில் நான் வசிப்பவன் என்பதே காரணம்.

2021 ஜூலையில், முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா சிறை சென்றதைத் தொடர்ந்து நம் குவாசுலு-நட்டால் மாகாணம் பற்றி எரிந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடைகளும் கிடங்குகளும் சூறையாடப்பட்டன, காவல்துறை பல இடங்களில் கண்ணிலேயே படவில்லை, நாட்டில் 350க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எங்கள் ஃபீனிக்ஸில் மட்டும் 36 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். தெருமுனைகளில் தடுப்பு வைத்து நின்ற ஆண்கள் அனைவரும் கொலைகாரர்கள் அல்லர். பலர் உண்மையான பயத்தில், பிள்ளைகள் வீட்டுக்குள் தூங்கும்போது வேறு வழி தெரியாமல் நின்றவர்கள். ஆனால் கொன்றவர்களும் 'ஊரைக் காக்கிறோம்' என்ற அதே சொல்லைத்தான் சொன்னார்கள். உங்கள் மூன்றாவது விதி அவர்களில் ஒருவரையும் தடுத்திருக்காது. சிலரை வீட்டிலிருந்து வெளியே இழுத்து வந்ததே அதுதான்.

நானும் நான்கு இரவுகள் எங்கள் தெருமுனையில் நின்றேன். கையில் மகனின் பழைய கிரிக்கெட் மட்டை. மூன்றாம் நாள் விடியும் நேரத்தில் முதுகுப்பையோடு ஒருவர் நடந்து வந்தார். என்னைவிட மூத்தவர். நான் முன்னால் போய் நின்று, 'உயாபி?' என்று ஜூலு மொழியில் கேட்டேன்: எங்கே போகிறாய். பெரியவர்களைப் 'பாபா' என்று விளித்துப் பேசும் அந்த மொழியின் மரியாதை எனக்கு நன்றாகத் தெரியும். அன்று அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. அவர் எதுவும் பேசாமல் பையைத் திறந்து காட்டினார். ஒரு ஓவரால் உடுப்பு, ரொட்டி, சம்பளச் சீட்டு. சீட்டை நான் கேட்கவில்லை. அவராகவே எடுத்து நீட்டினார், வாழ்நாள் முழுதும் நீட்டிப் பழகிய கை அது. அப்போதுதான் அவர் நான் வாரந்தோறும் போகும் பெட்ரோல் நிலையத்தில் எனக்கு எண்ணெய் நிரப்புகிறவர் என்று அடையாளம் தெரிந்தது.

என் கொள்ளுத்தாத்தா நட்டாலின் வடகரையில் கரும்புத் தோட்டமொன்றில் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் உழைத்தவர். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16இல் டர்பனை அடைந்தது முதல் 1911 வரை அப்படி வந்தவர்கள் 1,52,184 பேர். தோட்ட எல்லையைத் தாண்டிச் செல்ல முதலாளியின் கையெழுத்திட்ட சீட்டு அவர்களுக்குத் தேவைப்பட்டது. சீட்டில்லாமல் வழியில் பிடிபட்டால் தண்டனை. பின்னாளில், 1986 வரை, இந்நாட்டின் கறுப்பின மக்கள் அடையாளப் புத்தகத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் நகரத் தெருவில் நடக்க முடிந்தது. அன்று விடியற்காலையில் அந்தக் கேள்வியைக் கேட்டவன் நான். அவரை யாரும் அடிக்கவில்லை, போக விட்டோம். அதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. வேறு தெருவில், வேறு கைகளில், அந்தக் கேள்விக்குப் பிறகு என்ன நடந்தது என்பது எல்லாருக்கும் தெரியும்.

இப்போது 773ஆம் குறள்: 'பேராண்மை என்ப தறுகண்ஒன் றுற்றக்கால் ஊராண்மை மற்றதன் எஃகு.' ஊராண்மை என்றவுடன் ஊரைக் காவல் காப்பது என்று நான் இளமையில் பொருள் கொண்டிருந்தேன். பரிமேலழகர் அதற்கு உபகாரியாம் தன்மை என்று உரை எழுதி, படையெல்லாம் இழந்து தனியே நின்ற இலங்கை வேந்தனை 'இன்று போய் நாளை வா' என்று இராமன் விட்டதை எடுத்துக்காட்டுகிறார். பகைவனுக்கு இடர் வந்தபோது காட்டும் அந்த இரக்கத்தைத்தான் வள்ளுவர் ஆண்மையின் எஃகு, அதாவது அதன் கூர்முனை, என்கிறார். பகைவனுக்கே இது பொருந்துமானால், வேலை முடிந்து வீட்டுக்கு நடந்துபோகும் அண்டை வீட்டுக்காரருக்கு என்ன சொல்வது?

ஆகவே 'காப்பேன்' என்பதை அடித்துவிட்டு, காக்கும்போது எதைச் செய்ய மாட்டீர்கள் என்பதை அந்த இடத்தில் எழுதுங்கள். அதையும் இப்போதே, மின்சாரம் இருக்கும்போதே, பயமில்லாத வேளையில் எழுதிவிடுங்கள். தெருமுனையில் முப்பது பேர் நிற்கும்போது எந்த ஆணும் புதிதாக யோசிப்பதில்லை. பக்கத்தில் நிற்பவனின் முகத்தைத்தான் பார்க்கிறான். 1906 செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் ஆசியர் பதிவுச் சட்டத்துக்குப் பணிவதில்லை என்று உறுதிமொழி எடுக்கப்பட்டபோது, மற்ற அனைவரும் பின்வாங்கினாலும் தனியே நிற்க முடியுமா என்று ஒவ்வொருவரும் தன் உள்ளத்தைக் கேட்டுக்கொண்ட பிறகே கை உயர்த்த வேண்டும் என்று காந்தி எச்சரித்தார். ஒரே ஒரு மறுப்பு. அதைக் காப்பதற்கே பல ஆண்டுகளும் சிறைகளும் தேவைப்பட்டன. பத்து விதி வைத்திருக்கும் உங்களைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் மலைப்பாகத்தான் இருக்கிறது.

அந்தப் போராட்டத்தில் முன்னின்ற நம்மவர் தம்பி நாயுடு, மொரிசியஸில் பிறந்தவர். கூட்டத்துக்குத் தலைமை தாங்கவும், தெருவில் சுமை தூக்கிச் செல்லவும் ஒரே மாதிரி ஆயத்தமாக இருந்தவர் என்று அவரைப் பற்றிக் காந்தி எழுதியிருக்கிறார். சினமும் அவசரமும் இல்லாதிருந்தால் சமூகத்தின் தலைமையே அவரிடம் வந்திருக்கும் என்றும் எழுதுகிறார். வீரத்துக்கும் உழைப்புக்கும் குறைவில்லாத ஒருவருக்கே வேலி தேவைப்பட்ட இடம் வேறாக இருந்திருக்கிறது. உங்களுடைய அந்த இடம் எதுவென்று எனக்குத் தெரியாது. பட்டியலில் மதுவைத் தவிர எதையும் நீங்கள் காட்டவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'சம்பாதித்து வீட்டை நடத்துவேன்' என்பது நம் வீடுகளின் வரலாற்றுக்கே ஒத்துவராதது. டர்பனின் ஆடைத் தொழிற்சாலைகளில் நம் பெண்கள் ஆயிரக்கணக்கில் தைத்துப் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டார்கள். 1990களில் இறக்குமதி வரி குறைந்து ஆலைகள் மூடப்பட்டபோது வேலையிழந்தவர்களும் அவர்களே. வருமானத்தையே ஆண்மையின் அடையாளமாக வைத்துக்கொண்டவன் வேலை போன மறுநாள் என்ன ஆகிறான் என்பதை உங்கள் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள். சம்பளச் சீட்டை மனைவியிடம் மறைக்க மாட்டேன் என்று எழுதுங்கள், போதும். 'பெண்களை மதிப்பேன்' என்று சொல்லாத ஆணை நான் இதுவரை சந்தித்ததில்லை. மனைவி பேசும்போது குறுக்கிட மாட்டேன், அவருடைய கைப்பேசியைத் திறந்து பார்க்க மாட்டேன், தாய்வீட்டுக்குப் போவதற்கு என் அனுமதியைக் கேட்க வைக்க மாட்டேன் என்பவற்றில் எது உங்களுக்குக் கடினமாகப் படுகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதையும் எட்டாவதையும் நீக்கிவிடுங்கள். கலங்காமலும் கையேந்தாமலும் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த ஆண்கள்தான் வெள்ளிக்கிழமை மாலையில் 'கேன்' என்னும் கரும்புச் சாராயப் புட்டியைத் தேடிப் போகிறார்கள்; உங்கள் தந்தையும் அவர்களில் ஒருவராக இருந்திருக்கலாம். அவர் உயிரோடு இருந்தால் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். பண்பாட்டைப் பற்றிய பத்தாவது வரியைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பண்பாடு என்ற சொல்லை நான் வரவர ஐயத்தோடு பார்க்கிறேன், அது வேறு கதை.

எனக்கென்று மூன்று வரிகள் வைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்று 2021க்குப் பின் எழுதியது: தெருவில் நடந்து போகும் எவரையும் எங்கே போகிறாய் என்று கேட்க மாட்டேன். மற்ற இரண்டும் என் மனைவிக்குத் தெரியும். பெட்ரோல் நிலையத்துக்கு நான் மறுபடி போக மூன்று வாரங்கள் ஆயின. மன்னிப்புக் கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, எவ்வளவுக்கு நிரப்ப வேண்டும் என்று கேட்டார். அவர் என்னை மன்னித்தார் என்று எழுத எனக்கு உரிமையில்லை.

மகனுக்கு இந்தப் பட்டியலைக் கற்றுக்கொடுக்க வேண்டாம். ஆறு வயதில் அவனுக்கு ஆத்திசூடி போதும். உங்களுடையவை உங்கள் சறுக்கல்களுக்கு உரியவை, அவனுடைய சறுக்கல்கள் இன்னும் தொடங்கவே இல்லை. திருத்திய பட்டியலை எனக்கும் அனுப்ப வேண்டாம். மனைவியிடம் படிக்கக் கொடுங்கள். அவர் எந்த வரியைப் படித்துச் சிரிக்கிறாரோ, அதை மட்டும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஃபீனிக்ஸ், டர்பன்