கைக்குழந்தையோடு தையல்: சேலைப் போர்வையைக் கையில் தையுங்கள், மெஷினை உடுப்புக்கு வையுங்கள்

கேள்வி: மகளுக்கு 3 வயது, மகனுக்கு 10 மாதம். அம்மா கொடுத்த கால் மெஷின் இருக்கிறது. பழைய காட்டன் சேலைகளை அடுக்கிப் பிள்ளைகளுக்குப் போர்வை தைக்கப் பார்த்தேன். ஊசி உடைந்தது, அடிப்பக்கம் சுருங்கிப்போனது. வீட்டில் போட ஃபிராக், ஜபலாவும் தைக்க ஆசை. சேர்ந்தாற்போல அரைமணி நேரம்கூட உட்கார முடியவில்லை. மோட்டார் போட்டால் சரியாகுமா?

பதில்: முதலில் போர்வையை மெஷினிலிருந்து எடுத்துவிடுங்கள். பல அடுக்குத் துணியை மெஷினில் ஓட்டும்போது அடியிலுள்ள பல் கீழ்த்துணியை இழுக்கும், மேலேயுள்ள பாதம் மேல்துணியைத் தள்ளும். அடுக்குகள் ஒன்றுக்கொன்று நகர்ந்துவிடுவதால்தான் சுருக்கம் விழுகிறது. துணி நகரவில்லையே என்று நாம் கையால் பின்னாலிருந்து இழுக்கிறோம். ஊசி வளைந்து அடித்தகட்டில் மோதி உடைகிறது. உடைந்த துண்டு முழுதும் கிடைத்ததா என்று தேடிப் பாருங்கள். தவழ்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் முனைத்துண்டு ஒன்றுகூடத் தரையில் கிடக்கக் கூடாது.

கையில் தைக்கும் போர்வையை எந்த நிமிடத்திலும் பாதியில் நிறுத்தலாம், சுருட்டிப் பைக்குள் வைக்கலாம். வங்காளத்தின் பாரம்பரியக் காந்தாப் போர்வையும் இப்படிப் பழைய சேலை அடுக்கில் போட்ட ஓட்டுத் தையல்தான். கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கத்து, ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்களும் சட்டமோ வளையமோ இல்லாமல், மடியில் வைத்தே ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறார்கள். பஞ்சு வேண்டாம். இலவம்பஞ்சோ பருத்திப் பஞ்சோ, நனைந்தால் கட்டி கட்டியாகத் திரளும். மூத்திரம் போகும் வயதுப் பிள்ளைக்கு அடிக்கடி துவைத்துச் சீக்கிரம் காயும் துணிதான் வேண்டும்.

ஐந்தரை மீட்டர் சேலை ஏறக்குறைய 216 இஞ்ச். அதைக் குறுக்கே நாலாக வெட்டினால் 54 இஞ்ச் நீளம், 45 இஞ்ச் அகலத்தில் நாலு அடுக்கு கிடைக்கும். நம் ஊர் வெயிலுக்கு இந்த நாலே போதும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் என்றால் ஆறு. வெட்டுமுன் கஞ்சி முழுதும் போகத் துவைத்து, ஃபால்ஸைப் பிரித்து, ஜரிகைக் கரை இருந்தால் நறுக்கிவிடுங்கள். அது பிள்ளையின் தோலை உரசும். பிறகு இரண்டு கட்டைவிரலாலும் துணியை அங்கங்கே இழுத்துப் பாருங்கள். இற்றுப்போன பகுதி கிழியும். அந்தத் துண்டை நடு அடுக்கில் போடுங்கள், மேலும் கீழும் உறுதியான துண்டு வரட்டும். சாயம் போகுமா என்று ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சோதியுங்கள். பாலியஸ்டர் சேலையைக் கலக்காதீர்கள். வேர்வையை உறிஞ்சாது, காட்டனோடு சேர்ந்து சுருங்கவும் செய்யாது.

அடித்துண்டைத் தவிர மற்ற மூன்றையும் நாலு பக்கமும் ஒரு இஞ்ச் குறைத்து வெட்டுங்கள். தரையில் விரித்து, சுருக்கமில்லாமல் தடவி, 6 இஞ்சுக்கு ஒரு வரிசை கச்சாத் தையல் (தற்காலிக நீளத் தையல்) போட்டுவிடுங்கள். இந்த ஒரு வேலைக்கு மட்டும் பிள்ளைகள் தூங்கும் நேரம் வேண்டும். குண்டூசி குத்தி வைக்கும் வழக்கம் இப்போதைக்கு வேண்டாம். கச்சா போட்ட பிறகு அடித்துணியின் ஓரத்தை அரை இஞ்சாக இருமுறை மடித்து மேலே கொண்டுவந்து தைத்தால் 52க்கு 43 இஞ்சில் போர்வை நிற்கும். தனியாகப் பைப்பிங் வேண்டாம்.

ஓட்டுத் தையலை நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் போங்கள். வரிசைக்கு வரிசை ஒன்றரை இஞ்ச், ஒரு தையல் கால் இஞ்ச். நீளவாக்கில் 28 வரிசை வரும். எம்ப்ராய்டரி நூலின் ஆறு இழையில் மூன்றைப் பிரித்தெடுத்துக் கோத்தால், 8 மீட்டர் கண்டு 4 வாங்கினால் போதும். நூலை 18 இஞ்சுக்கு மேல் எடுத்தால் முறுக்கிச் சிக்கும். முடிச்சை வெளியே விடாதீர்கள். பத்து மாதப் பிள்ளை அதைத்தான் கடித்து இழுக்கும். இரண்டு பின்தையல் போட்டு, வாலை அடுக்குக்குள் செலுத்தி வெட்டுங்கள். தொய்வாக இருந்தாலும் பரவாயில்லை, இறுக்கி மட்டும் இழுக்காதீர்கள். இறுக்கினால் கையிலும் சுருங்கும்.

பையில் ஒரே ஒரு ஊசி. எழுந்திருக்கும்போது அதைப் போர்வையில் குத்தி வைக்காமல், மூடியுள்ள டப்பாவில் போட்டு உயரத்தில் வையுங்கள். இன்னொன்று: ஒரு வயது முடியும்வரை தூங்கும் குழந்தையின் மேல் தனியாக எந்தப் போர்வையும் போர்த்தக் கூடாது, முகத்தில் ஏறினால் மூச்சு முட்டும். சின்னவனுக்கு இது இப்போதைக்கு, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, தரையில் விரித்து விளையாட மட்டும். போர்த்திக்கொள்ள மூத்தவளுக்குக் கொடுங்கள்.

இனி உடுப்பு. சின்ன உடுப்பில் தையல்களெல்லாம் குட்டையானவை. தோள் 3 இஞ்ச், பக்கம் ஒரு அடிக்கும் சற்று மேல். பத்து நிமிடம் கிடைத்தால் ஒரு தையல் முடியும். ஆனால் வெட்டும் வேலையை அதோடு கலக்காதீர்கள். ஒரு ராத்திரி மூன்று உடுப்புக்குச் சேர்த்து வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கவரில் போட்டு, அடுத்து எந்தத் தையல் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். இது இல்லாவிட்டால் கிடைத்த பத்து நிமிடம் துணியைத் தேடுவதிலேயே போய்விடும்.

மூன்று வயது ஃபிராக்கில் எல்லாருக்கும் சறுக்குகிற இடம் கழுத்து. கழுத்தை அளந்து வெட்டுகிறார்கள், தலையை அளப்பதில்லை. அந்த வயதில் தலைச் சுற்றளவு 19, 20 இஞ்ச் வரும். கழுத்துத் திறப்பு அதைவிட ஒரு இஞ்சாவது கூட இருக்க வேண்டும். இல்லையென்றால் முதுகில் 4 இஞ்ச் பிளவு விட்டு ஒரு பட்டன் வையுங்கள். மார்பளவோடு 4 இஞ்ச் சேர்த்து வெட்டுங்கள். இந்த வயதில் ஒரு வருடத்துக்கு 6, 7 செ.மீ. உயரம் கூடும், மார்பு அவ்வளவு கூடாது. ஆகவே பக்கத்தில் நிறைய விடுவதைவிட அடி மடிப்பில் 3 இஞ்ச் விடுவது புத்திசாலித்தனம். அகலத் துணியில் ஒரு மீட்டர் தாராளம். புதுக் காட்டனை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும்.

ஓவர்லாக் இல்லாத வீட்டில் பிசிறை மறைக்க: அரை இஞ்ச் தையலுக்கு விட்டு வெட்டி, முதலில் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி வைத்துக் கால் இஞ்சில் ஒரு தையல். பிசிறைப் பாதியாக நறுக்கி, திருப்பி, இன்னொரு கால் இஞ்சில் மறுதையல். உள்ளே ஒரு நூல்கூடக் குத்தாது. ஜபலாவுக்குக் கழுத்தில் நாடா வேண்டாம், மணியும் ஜிகினாவும் வேண்டாம். முதுகில் ஒன்றன்மேல் ஒன்று ஒன்றரை இஞ்ச் ஏறும்படி விட்டு வெல்க்ரோ வையுங்கள். முரட்டுப் பட்டை உள்மடலின் வெளிப்பக்கத்தில் வரட்டும். மாற்றி வைத்தால் கொஞ்சம் விலகினாலும் முதுகைக் கீறும்.

மெஷினில் மெல்லிய காட்டனுக்கு 11 அல்லது 14ஆம் நம்பர் ஊசி, இஞ்சுக்கு 10 முதல் 12 தையல். கீழே நூல் கொத்துக் கொத்தாக வந்தால் பெரும்பாலும் பழுது பாபினில் இல்லை, மேல்நூல் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுக்குள் உட்காரவில்லை. பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நூலைத் திரும்பக் கோத்துவிடுங்கள். அப்போதுதான் தட்டு திறந்திருக்கும். பிள்ளை சக்கரத்தைப் பின்னால் சுற்றிவிட்டாலும் இப்படிச் சிக்கும். எழுந்து போகும்போது பெல்ட்டைக் கீழ்ச் சக்கரத்திலிருந்து கழற்றிவிடுங்கள். மேல் சக்கரத்துத் திருகை மட்டும் தளர்த்தினால் ஊசி நகராது, ஆனால் மிதித்தால் பெல்ட் ஓடும், பிஞ்சு விரல் அதில் மாட்டும்.

மோட்டார் இப்போது வேண்டாம். உங்களுக்குத் தாமதமாவது மெஷினின் வேகத்தால் அல்ல. மேலும் மோட்டாரின் பெடல் தரையில் கிடக்கும். தவழ்ந்து வரும் பிள்ளை அதை அழுத்தினால் உங்கள் விரல் ஊசியின் கீழ் இருக்கலாம். சின்னவன் சொன்னதைக் கேட்கும் வயதுக்கு வந்த பிறகு, சுவிட்ச் மேசை உயரத்துக்கு மேலே வரும்படி வைத்து, எழும்போதெல்லாம் பிளக்கைப் பிடுங்கும் பழக்கத்தோடு போட்டுக்கொள்ளலாம்.